மணல்மேட்டில் எடுத்த கற்கள்

1959, பிப்ரவரி 3, செவ்வாய்

வாடைக்காற்று. விடிந்ததிலிருந்து மணல் பறக்கிறது. காபியில் மணல், மூக்குக்கண்ணாடியில் மணல், சோற்றில் மணல். பாம்பன் முசாபரி பங்களாவில் எனக்குக் கொடுத்த அறைக்கு ஜன்னல் உண்டு, ஜன்னலுக்குக் கதவு இல்லை. சொன்னால் காவல்காரர் சிரிக்கிறார்.

இன்றைய வேலை:
தெற்குக் கரை மணல்மேடு, கிழக்கு முனை வரை நடை.
புதிதாக ஐந்து கல். மொத்தம் பதினேழு.
செருப்பு வார் அறுந்தது.
வீட்டுக்குக் கடிதம். எழுதவில்லை.

பதினேழும் அருமையான கற்கள். தேங்காய் அளவு, சில சின்னப் பூசணி அளவு. இந்தக் கரையில் கல் என்றால் பவளக்கல்தான். சுண்ணாம்புக்கு எரிப்பார்கள். நாலு மழைக்கு உதிரும். இவை அப்படியல்ல. கருங்கல், பச்சைக்கல், சிவந்த மணற்கல், எல்லாம் வெளியூர்ச் சரக்கு. ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த பக்கத்தில் ஒரே திசையில் கீறல்கள். பனிப்பாளத்தின் அடியில் சிக்கிப் பாறைமேல் இழுபட்ட கல்லுக்கு இப்படி வரும். ஆறு செய்யாது, கடல் செய்யாது.

சென்னை நிலவியல் ஆபீசுக்கு எழுதப்போவதை இங்கே ஒத்திகை பார்க்கிறேன். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டின்மேல் பனி கிடந்தது தெரிந்த கதை. தெற்கே எதுவரை வந்தது என்பதில்தான் சண்டை. சிவகங்கைப் பக்கத்து உருண்டைக்கல் படுகையைப் பனி கொண்டுவந்ததா, ஆறு கொண்டுவந்ததா என்று ஆளுக்கொரு பேச்சு. அந்தப் படுகை கடலுக்கு வரும் வழியில் மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது. இங்கே கரையில் மறுபடி தலைகாட்டினால் சண்டை முடிந்தது. பனியின் விளிம்பு இந்த மேடுதான் என்று நான் கோடு போடலாம்.

மே.அ. (மேலதிகாரி) கிளம்பும்போதே சொன்னார்: "கப்பல்காரன் கொட்டின கல்லைக் கொண்டுவந்து பனி என்று சொல்லாதேயும்." சரக்கில்லாத கப்பல் ஆடாமலிருக்க அடியில் கல் ஏற்றி வருவார்கள், துறையில் கொட்டிவிட்டுச் சரக்கு ஏற்றுவார்கள். எனக்குத் தெரியாதா? கொட்டிய கல் துறையோரம் குவியலாகக் கிடக்கும். இவை கரையை விட்டு உள்ளே தள்ளி, மேட்டின்மேல், வரிசையாக. யார் சுமந்துபோய் வரிசை வைப்பார்கள்? வேலையற்றவனா?

இன்னொன்று. இவ்வளவு மணல் பறந்தும் கற்கள் புதையவில்லை. மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. காற்று மணலை வாரிக்கொண்டு கல்லை விட்டுவிடுகிறது. அதற்கு ஒரு பத்தி எழுத வேண்டும்.

சாக்கு சுமக்க வைத்திருக்கும் ஆள் அந்தோணி. தெற்குக் கரைக்காரர். வள்ளம் உடைந்ததால் கூலிக்கு வருகிறார். மேட்டில் ஏறவே தயங்கினார். "இந்தப் பக்கம் ஆம்பளைக வாரதில்ல சார். பொம்பளைக ஒதுங்குற எடம்." சிரிப்பு வந்தது. பனிக்கால விளிம்பு போயும் போயும் எங்கே வந்து கிடக்கிறது.

பிப்ரவரி 4, புதன்

காற்று கொஞ்சம் மட்டு.

கல் கிடந்த மூன்று இடங்களில் துளைக்கம்பி இறக்கினேன். ஆளுயரம் போயிற்று. தடை இல்லை. படுகை இன்னும் ஆழத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கம்பி முனையில் கருமையாக ஏதோ. மக்கிய வேர் என்று நினைத்தேன்.

மதியம் சாக்குகள் கட்டி ஸ்டேஷனுக்கு. அந்தோணி தலையில் சுமந்து மூன்று நடை. வடக்கத்தி யாத்திரைக் கூட்டம் ஒன்று சாக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. ராமர் பாலத்துக் கல் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பார்சல் குமாஸ்தா எரிச்சலோடு, "கல்லுக்குக் கூடவா ஐயா பார்சல்?" எழுதிக் கொடுத்தேன்: பாறை மாதிரிகள், அவசரம், அறுத்துப் பார்க்க.

ரயில் பாலத்தில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம். எழுதுவதற்குக் கூச்சம்தான், ஆனால் சந்தோஷம். பத்து வருட உத்தியோகத்தில் எனக்கென்று ஒன்று.

இரவு சீலா மீன் குழம்பு. காவல்காரர் மனைவி வைத்தது. காரம்.

பிப்ரவரி 5, வியாழன்

படத்தில் பென்சில் கோடு போட்டேன். அழகான கோடு. வடகிழக்காக ஒரு சின்ன வளைவு.

சாயங்காலம் பங்களா வாசலில் மூன்று பெண்கள். இரண்டு பேர் பூவரச மரத்தடியிலேயே நின்றுவிட்டார்கள். ஒருத்தி மட்டும் வந்தாள். முப்பது வயதிருக்கும். அந்தோணியின் மனைவி சவரியம்மாள் என்று சொன்னாள். கூலி விஷயம் என்று நினைத்தேன்.

"மேட்டுல கெடந்த கல்லெல்லாம் நீகதான் எடுத்தீகளா?"

"ஆமாம்."

"எங்கன வச்சிருக்கீக?"

"சென்னைக்குப் போய்விட்டதே. நேற்று ரயிலில்."

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மரத்தடியிலிருந்து ஒருத்தி கேட்டாள், "என்னடி சொல்றாக?" இவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி மாற்றிக்கொள்வேன்.

"செத்துப் பொறந்த பிள்ளைக ஐயா. ஞானஸ்நானத் தண்ணி தொடாத பிள்ளைய கோயில் கல்லறையில எடுக்க மாட்டாக. மருத்துவச்சி விடியுமுன்ன கொண்டுபோயி அந்த மேட்டுல பொதைச்சுட்டு வந்துரும். சிலுவை நடக்கூடாது. பேரு கெடையாது. அதுனால ஒரு கல்லு. கடல் கல்லு உப்புல கரைஞ்சு போகும். பழைய துறையில கறுப்புக் கல்லு கெடக்கும், கப்பல்ல வந்தது, அத ஆளுக்கொண்ணு தூக்கியாந்து வப்போம். வாடையில மண்ணு மூடிரும். ஒதுங்கப் போறப்ப காலால தேடி, மேல எடுத்து வச்சுட்டு வருவோம். வருசா வருசம்."

புதையாமல் மேலே உட்கார்ந்திருந்த கற்கள். நான் ஒரு பத்தி எழுதுவதாக இருந்தேன்.

"ஆண்களுக்குத் தெரியாதா?"

"கேக்க மாட்டாக. சொல்ல மாட்டோம். எம்பிள்ள கல்லும் அதுல இருந்துச்சு."

அந்தோணிக்கும் தெரியாது. தன் பிள்ளையின் கல்லைத் தலையில் சுமந்து ரயிலேற்றியிருக்கிறார்.

"கல்லு வந்துருமா ஐயா?" என்றாள். வரும் என்றேன். உடனே எழுந்து போய் அந்த இரண்டு பேரிடமும் சொன்னாள்.

சாப்பிடவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

தபாலாபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றேன். தந்தி: கற்களை அறுக்க வேண்டாம், முழுதாகத் திருப்பி அனுப்புக, விவரம் கடிதத்தில். தந்தி குமாஸ்தா வார்த்தைகளை எண்ணிக்கொண்டே, "முந்தாநாள் ரயில்ல அனுப்புனீக, இன்னைக்கே திரும்பக் கேக்குறீக," என்று சலித்துக்கொண்டார்.

கடிதத்தில் என்ன விவரம் எழுதுவது? மூன்று தடவை தொடங்கிக் கிழித்தேன். கடைசியில் "உள்ளூரார் ஆட்சேபணை" என்று எழுதினேன். ஆபீஸ் பாஷை எவ்வளவு வசதி.

துளைக்கம்பியைக் கழுவினேன். நேற்றே கழுவிவிட்டேன். இன்றும் கழுவினேன். அந்தக் கருமை வேர்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேறு என்றும் சொல்ல முடியவில்லை. கம்பியைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன்.

பிப்ரவரி 7, சனி

அந்தோணி வேலைக்கு வரவில்லை. நான் தேடிப் போனேன். உடைந்த வள்ளத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். குடிக்கவில்லை. குடித்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

"அவ சொல்லிட்டா சார்." என்னை நிமிர்ந்து பார்த்து, "எது சார் எங்க கல்லு? பச்சையா ஒண்ணு இருந்துச்சே, கனமா, அதுவாம். கனமாருக்குன்னு உங்ககிட்ட சொன்னேன்ல. நீக சிரிச்சீக."

சிரித்தேனா? ஞாபகம் இல்லை. சிரித்திருப்பேன்.

பங்குச் சாமியாரைப் பார்க்கலாம் என்று கோயில் பக்கம் போனேன். சாமியார் தங்கும் அறை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியும் விட்டேன். என்ன கேட்பது? அந்தப் பிள்ளைகளை ஏன் வெளியே வைத்தீர்கள் என்றா? வெளியே இருந்ததையும் கலைத்தவன் நான். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காய்ச்சல். மாத்திரை. காவல்காரர் வந்து, "பொம்பளைக விசயத்துல ஏன் சார் தலையிடுறீக," என்றார். ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது போல.

பிப்ரவரி 9, திங்கள்

பழைய துறைக்குப் போனேன். பாதி மணல் மூடிய கற்குவியல். சவரியம்மாள் சொன்ன இடம்தான். குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நாலாவது கல்லே சக்கிமுக்கி. கறுப்பு, கண்ணாடி போல உடைந்த முகம், சுற்றிலும் வெள்ளைச் சுண்ணத் தோல். இந்த மாதிரிச் சக்கிமுக்கி நம் பக்கத்தில் கிடையாது. சீமைக் கடற்கரையில் கிடைப்பது. கல்லூரியில் கண்ணாடி அலமாரியில் பார்த்தது.

ஆக, கீறல் பொய்யில்லை. பனி கீறியதுதான். ஆனால் அந்தப் பனி வேறு தேசத்துப் பனி, பூமிக் கணக்கில் நேற்றுப் போன பனி. அங்கே கரையில் பொறுக்கிக் கப்பலில் ஏற்றி, இங்கே கொட்டி, அதை இவர்கள் எடுத்துப் பிள்ளைகளுக்கு வைத்து, அதை நான் எடுத்துப் பனியின் விளிம்பு என்று கோடு போட்டேன். மே.அ. சொன்னது சரி. அவர் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதுதான் ஆச்சரியம். போன வாரம் என்றால் நாலு நாள் தூங்கியிருக்க மாட்டேன்.

பென்சில் கோட்டை அழித்தேன். அழித்த பிறகுதான் உறைத்தது. கற்கள் திரும்பி வந்தால் எதை எங்கே வைப்பது?

முதல் கல்லுக்கும் கடைசிக் கல்லுக்கும் திசைகாட்டி வைத்து, கல்லின் அடையாளத்தோடு இடம் குறித்திருக்கிறேன். நடுவில் உள்ளவற்றுக்கு? "வரிசையாக, ஏறக்குறைய ஒரே இடைவெளியில்." அவ்வளவுதான். எனக்கு வேண்டியிருந்தது கோடு. ஒவ்வொரு கல்லும் எங்கே கிடந்தது என்பது யாருக்கு வேண்டும் என்று விட்டுவிட்டேன். எந்தச் சர்வேக்காரனும் அப்படித்தான் செய்வான். அதைச் சொன்னால் ஆறுதலாக இல்லை.

மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நாங்கள் கல் எடுத்த குழி ஒன்றுகூட இல்லை. ஆறு நாள் காற்று. எல்லாம் ஒரே மணல், அலையலையாக.

பிப்ரவரி 11, சாம்பல் புதன்

பெண்கள் நெற்றியில் சாம்பலோடு நேராகக் கோயிலிலிருந்து பங்களாவுக்கு வந்தார்கள். இந்தத் தடவை ஏழெட்டுப் பேர். ஒரு கிழவி, பல் இல்லை. அவளுக்கு அங்கே இரண்டு கல்லாம்.

தந்திக்குப் பதில் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை.

ஒருத்தி தயங்கித் தயங்கி, "எடம் உங்களுக்குத் தெரியும்ல ஐயா? அளந்துக்கிட்டே இருந்தீகளே."

அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியாதா என்று கேட்டேன். தாழம்புதரிலிருந்து இத்தனை எட்டு என்று சிலர் வைத்திருந்தார்கள். தாழம்புதர் போன வருடப் புயலில் போய்விட்டது. மேடே வருடத்துக்கு வருடம் நகர்கிறது. அதனால்தானே கல்.

கிழவி சொன்னாள்: "தோண்டிப் பாத்துருவோமா?"

சவரியம்மாள், "தோண்டுனா என்ன இருக்கும் பெரியம்மா. ஒண்ணும் இருக்காது. இருந்தா மட்டும் எதுன்னு தெரியவா போகுது?"

துளைக்கம்பி பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா தெரியாது. கம்பி கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தது. நான் எழுந்து கதவை மறைத்தாற்போல் நின்றேன்.

"அளந்திருக்கிறேன்," என்றேன். அது பொய்யில்லை. இரண்டை அளந்திருக்கிறேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மே.அ.விடமிருந்து தந்தி. இரண்டு கல் ஏற்கெனவே அறுத்தாயிற்று. மற்றவை அனுப்பப்படுகின்றன. வேலையை முடித்துக்கொண்டு திரும்பவும்.

இரண்டு. எந்த இரண்டு?

பிப்ரவரி 14, சனி

வேலை எதுவும் இல்லை. சட்டை துவைத்தேன். கடலையே பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றுகிறது. தூத்துக்குடிப் பக்கத்துத் தோணி ஒன்று பாய் கிழிந்து துறைக்கு வந்தது. எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். அரை மணி நேரம் எதையும் நினைக்கவில்லை.

திரும்பி வரும்போது அந்தோணி எதிரே வந்தார். "பார்சல் வந்தா எனக்குச் சொல்லுங்க சார். வேற ஆள வச்சுச் சுமக்காதீக."

பிப்ரவரி 16, திங்கள்

பார்சல் வந்துவிட்டது. சாக்கை ஸ்டேஷனிலேயே பிரித்துப் பார்த்தேன். பதினைந்து முழுக்கல். இரண்டு, பாதி பாதியாக. ஒன்று சிவப்பு. ஒன்று பச்சை.

அந்தோணி பக்கத்தில்தான் நின்றார். பச்சைக் கல்லின் இரண்டு பாதியையும் எடுத்து ஒட்டி வைத்துப் பார்த்தார். நடுவில் ரம்பம் தின்ற அளவுக்குக் குறைந்திருந்தது. சேரவில்லை. மறுபடி சாக்கில் வைத்து, வாயைச் சுருக்கிக் கட்டினார். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெண்களை நாளை காலை மேட்டுக்கு வரச்சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

காற்று இல்லை. வெயில்.

விடியலில் அந்தோணி சாக்குகளை மேட்டின் அடிவரை சுமந்து வந்து இறக்கினார். மேலே ஏறவில்லை. கடலைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டார்.

பெண்கள் முன்பே வந்திருந்தார்கள். நான் நினைத்ததைவிட அதிகம். கற்களை மணலில் பரப்பினேன். எது யாருடையது என்று சண்டை வரும், அழுகை வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒவ்வொருத்தியும் நேராகத் தன் கல்லிடம் போய் எடுத்துக்கொண்டாள். ஒருத்திகூடத் தடுமாறவில்லை. தாய் செத்துப்போன இரண்டு பிள்ளைகளின் கல்லைத் தாயின் அக்காள் தங்கைகள் எடுத்துக்கொண்டார்கள். சிவப்புக் கல்லின் பாதிகளைக் கிழவி மடியில் கட்டிக்கொண்டாள்.

சவரியம்மாள் பச்சைக் கல்லின் அறுத்த முகத்தைத் தடவிப் பார்த்தாள். மெருகு போட்டிருந்தார்கள். பளபளவென்று இருந்தது.

"இதுக்குள்ள என்ன பாத்தீக?"

"ஒன்றுமில்லை அம்மா."

"ஒண்ணுமில்லையா?" என்று மறுபடி கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

முதல் கல்லின் இடத்துக்குத் திசைகாட்டி வைத்து, அளவுச் சங்கிலி பிடித்து, ஈர்க்கு நட்டேன். அந்தக் கல்லுக்காரி வைத்தாள். பிறகு மேட்டின் அடுத்த முனைக்கு நடந்து கடைசிக் கல். அதுவும் சரியான இடம். இரண்டு பேரும் மண்டியிட்டு மணலை ஒதுக்கி, கல்லை அழுத்தி, எழுந்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தி என்னைக் கும்பிட்டாள்.

இனி எனக்குத் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்காகத்தான் திரும்பினேன். எல்லோரும் என் கையில் இருந்த திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்பிக்கையோடு. இத்தனை வருட உத்தியோகத்தில் என் வேலையை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

சவரியம்மாள் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்னே வந்தாள்.

திசைகாட்டியைக் கண்ணுக்கு நேரே வைத்தேன். ஊசி ஆடி நின்றது. வடக்கு வடக்காகத்தான் இருந்தது. வரிசையோடு நடந்தேன், எட்டுகளை எண்ணுகிற மாதிரி வாயை அசைத்துக்கொண்டு. ஓரிடத்தில் நின்றேன். ஏன் அங்கே என்று கேட்டால் பதில் இல்லை. குதிகாலால் மணலில் அழுத்தினேன்.

"இங்கேதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க ஐயா."

"இங்கேதான்."

உட்கார்ந்தாள். கையாலேயே மணலை வாரி, இரண்டு பாதியையும் ஒட்டி வைத்து, அறுத்த முகம் வெளியே தெரியாமல் சுற்றிலும் மண் அணைத்தாள். பிறகு அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அப்படியே இருந்தாள், வெகுநேரம். கீழே அந்தோணி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். மற்றவர்கள் வரிசையாக வந்து நின்றிருந்தார்கள், கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு. முதலில் நின்றவள் சின்னப் பெண், இருபதுகூட இருக்காது. கல்லை இடுப்பில் சரியாக ஏற்றி வைத்துக்கொண்டு கேட்டாள்:

"எம்பிள்ள எங்கன ஐயா?"